ஐந்தாம் நம்பர் அறையில் முளைத்த வாய்

ஊசிக்கரடு ஆசுபத்திரியின் ஐந்தாம் நம்பர் அறையில், வடக்குச் சுவரில், வாய் முளைத்தது ஐப்பசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில். அன்று காலை பிளீச்சிங் பவுடர் மூட்டையை எடுக்கப் பூட்டைத் திறந்த மாதம்மாள், உள்ளே பெருச்சாளி செத்துக் கிடக்கிறது என்றுதான் நினைத்தாள், முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் துடைப்பக் கட்டையால் குத்திக் குத்தித் தேடினாள், பெருச்சாளி அகப்படவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது சுவரில் வாய் இருந்தது.

அதற்கு உதடு இல்லை, மூக்கு இல்லை. சுண்ணாம்படித்த சுவர் நடுவில் பிளந்து, இரண்டு கட்டில்களை நீளவாக்கில் போட்ட அகலத்துக்கு ஈறு பிதுங்கி நின்றது. அந்த ஈறு ஊறிப்போய், வீங்கி, காற்றுப் பட்டாலே கசியும் கருஞ்சிவப்பில் இருந்தது. அதில் மேலும் கீழும் வரிசைக்குள் வரிசையாக, ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி, சாய்ந்து, கோணி, எண்ண முடியாத அளவுக்குப் பற்கள். எல்லாம் மனிதப் பல் அளவுதான், எல்லாம் கெட்ட பற்கள்தான். ஆழ்குழாய்த் தண்ணீர் குடித்த காவிக் கோடு விழுந்தவை, குடத்தின் அடியில் படியும் உப்பு மாதிரி மஞ்சள் காரை கட்டியவை, நடுவில் ஓட்டை விழுந்து ஓரம் மட்டும் நிற்பவை, வேரோடு ஆடுபவை. இடுக்குகளில் என்றைக்கோ தின்ற கீரை நாரும் கறி நாரும் பாக்குத் தூளும் அடைத்திருந்தன. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே சீழ் முத்து முத்தாகக் கோத்து, திரண்டு, வழிந்து, தரையில் வைத்திருந்த மூட்டைகளின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

மாதம்மாள் அலறவில்லை. பதினாலு வருஷமாக அந்த ஆசுபத்திரியைக் கூட்டித் துடைக்கிறவள். பிரசவ அறைத் துணியும் கட்டுப்போடும் அறையின் வாளியும் அவள் கைக்குப் பழகியவை. கதவைச் சாத்திவிட்டு, மருந்து கொடுக்கிற தாமோதரனின் ஜன்னலுக்குப் போய், வழக்கம்போல வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சொன்னாள்.

"அஞ்சாம் நம்பர்ல சுவத்துல வாய் மொளச்சிருக்குதுங்க சார். வழியுது."

தாமோதரன் வந்து எட்டிப் பார்த்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சாவி யார்கிட்ட இருக்குது?"

"என்கிட்டதாங்க."

"அப்ப உங்க பொறுப்புதானேம்மா. பினாயில் ஊத்திக் கழுவி விடுங்க" என்றார்.

அந்த அறையின் கதை ஊருக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதைப் பல் சிகிச்சைப் பிரிவு என்று கல்வெட்டு வைத்துத் திறந்தார்கள். வாழை மரம் கட்டினார்கள். சாய்ந்து படுக்கிற நாற்காலி ஒன்று லாரியில் வந்து இறங்கியது. இறங்கியபோது எப்படிப் பாலிதீன் உறைக்குள் இருந்ததோ அப்படியே இன்றும் இருந்தது. பல் டாக்டர் வரவில்லை. முதல் வருஷம் வருவார் என்றார்கள், இரண்டாம் வருஷம் வந்துவிட்டார் ஆனால் டவுனில் இருக்கிறார் என்றார்கள், மூன்றாம் வருஷத்திலிருந்து யாரும் கேட்கவில்லை. பல் வலித்தால் ஊர் ஜனங்கள் கிராம்பை வைத்துக் கடித்தார்கள், கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு வாயில் புகை பிடித்தார்கள், புகையிலையை அதக்கினார்கள், கடைசியில் நூலைக் கட்டி இழுத்தார்கள். இழுத்தும் வராதவர்கள் தாடை வீங்கிப் படுத்தார்கள். மாதம்மாளின் தங்கச்சி காவேரி இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் படுத்தாள். கழுத்து மரக்கட்டை மாதிரி இறுகி, எச்சில் விழுங்க முடியாமல், மூன்றாம் நாள் மூச்சு நின்றது. சான்றிதழில் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மாதம்மாள் வாயைக் கழுவினாள். தென்னந் துடைப்பத்தால் தேய்த்தாள், தேங்காய் நாரால் தேய்த்தாள், வாளி வாளியாகப் பினாயில் தண்ணீரை வீசினாள். கழுவி முடித்து அவள் சோறு தின்னப் போய்த் திரும்புவதற்குள் மறுபடி சீழ் கோத்திருந்தது. குமட்டிக் குமட்டி அவளுக்கு வயிற்றில் சோறு தங்கவில்லை. வீட்டுக்குப் போனால் புருஷன் சென்றாயன், ஆழ்குழாய் போடுகிற லாரியில் வேலை பார்ப்பவன், "என்னா புள்ள, பொணத்தைக் கட்டிப் புடிச்சிட்டு வந்தாப்பல நாறுற?" என்பான். அவன் சொல்லும்போது அவன் வாயிலிருந்து வரும் புகையிலை நாற்றத்துக்கு மாதம்மாள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ஊர் அந்த வாய்க்குப் பழகிக்கொள்ள மூன்று வாரம் பிடித்தது. முதல் வாரம் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். யாரோ சூடம் ஏற்றி, இது அம்மனின் வாய் என்றார்கள். பூசாரி வந்து வாசலிலேயே நின்று, எந்த அம்மனும் இப்படி நாறமாட்டாள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். இரண்டாம் வாரம் ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் மிச்சமான பிரியாணியை ஜன்னல் வழியாக வீச, வாய் அதை மென்றது. மென்றதைக் கண்ட பஞ்சாயத்துக் குப்பை வண்டிக்காரன், ஏரிக்கரை வரைக்கும் போகிற நடை மிச்சம் என்று எச்சில் இலையையும் கோழிக்கடைக் கழிவையும் அங்கேயே கொட்ட ஆரம்பித்தான். மூன்றாம் வாரம் பஸ் நிறுத்தத்தைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் மாற்றினார்கள், பள்ளிக்கூடத்து வடக்கு ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்தார்கள், கல்யாணப் பத்திரிகைகளில் 'கிழக்குத் தெரு வழியாக வரவும்' என்று ஒரு வரி சேர்த்து அச்சடித்தார்கள். அதற்குப் பிறகு வாயைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. பாக்குப் போடுகிறவர்கள் நடந்துபோகிற போக்கில் ஜன்னல் வழியாக அதற்குள் துப்பிவிட்டுப் போனார்கள்.

கார்த்திகையில்தான் விஷயம் தெரிந்தது. மேல் வரிசையில் தங்க உறை போட்ட கோரைப்பல் ஒன்று இருந்தது. ஒரு நாள் காலை மாதம்மாள் அதன் அடியில் கட்டியிருந்த காரையைப் போக்கக் கம்பித் துண்டால் சுரண்டினாள். சுரண்டிய அதே நேரத்தில் எதிர்ச் சாரியில், பஞ்சாயத்து அலுவலக வாசலில் நின்று குழாய்த் தண்ணீர் பற்றிப் பேசிக்கொண்டிருந்த தலைவர் வேடியப்பன், "ஐயோ" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊரில் தங்கப் பல் கட்டியவர் அவர் ஒருவர்தான். மாதம்மாள் கையை எடுத்தாள், அவர் எழுந்தார். மாதம்மாள் சுரண்டினாள், அவர் உட்கார்ந்தார். இதைப் பத்துப் பேர் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து ஜனங்கள் தங்கள் பல்லைத் தேடி வந்தார்கள். சட்டைப்பைக் கண்ணாடியில் தங்கள் வாயைப் பார்ப்பதும் சுவரைப் பார்ப்பதுமாக நின்று, கண்டுபிடித்ததும் முகம் செத்துப்போய் வேறு பக்கம் பார்த்தார்கள். தங்கள் பல்லைக் கண்டவர்கள் பிறகு அடுத்தவர் பல்லைத் தேடினார்கள். "அதோ பாரு, நடுவுல கறுப்பா, அதான் தேங்கா மண்டிக்காரரு. வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு உள்ளுக்குள்ள எத்த வெச்சிருக்காரு பாத்தியா?" என்று விரலை நீட்டினார்கள். சுவரில் இருப்பது ஊரின் வாய் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதனாலேயே அதன்மேல் எல்லோருக்கும் அருவருப்பு கூடியது.

மாதம்மாள் தன் பல்லைத் தேடவில்லை. அதுவாகக் கண்ணில் பட்டது. கீழ் வரிசையில், இடது கடைக்கோடியில், கிணறு வெட்டியது போலக் குழிந்து, ஒரு பக்கச் சுவர் மட்டும் கத்தி மாதிரி நிற்கிற கடைவாய்ப் பல். பதினோரு வருஷமாக அவள் நாக்கு அந்தக் குழிக்குள் போய்ப் போய் வந்திருக்கிறது. அதன் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நாக்குக்குத் தெரியும். கண் அன்றைக்குத்தான் பார்த்தது. அந்தச் சுவரில் இருந்த அத்தனை நாற்றத்திலும் கெட்ட நாற்றம் அந்தக் குழியிலிருந்துதான் வந்தது. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு பழைய கோணிச் சாக்கைக் கிழித்து அதன்மேல் அடைத்தாள். மற்ற பற்களை எல்லாம் கழுவினாள். அதை மட்டும் தொடவில்லை.

மார்கழி பிறந்ததும் சுகாதார விழாவுக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்று தகவல் வந்தது. வேடியப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செங்கல் வைத்து அடைத்துவிடலாம் என்று கொத்தனாரைக் கூட்டி வந்தார். வைத்த செங்கலை வாய் கடித்துத் துப்பியது. ஊரில் நாற்பது பேருக்குப் பல் உடைந்தது. பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது.

"வெள்ளை எனாமல் பெயிண்ட் அடிச்சிடுங்க. மூணு கோட்டு. மூடறதவிடக் காட்டிடறது நல்லது" என்றார்.

"சீழ் இருக்குதுங்களே தலைவரே" என்றாள் மாதம்மாள்.

"அது மேலேயே அடிங்க. உள்ள இருக்கறது யாருக்குத் தெரியப் போவுது?"

பெயிண்டர்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, சீழின் மேலும் காரையின் மேலும் ஓட்டைகளின் மேலும் மாதம்மாள் அடைத்த சாக்கின் மேலும் வெள்ளை அடித்தார்கள். மூன்று நாள் ஊர் முழுக்க எல்லோர் வாயிலும் பெயிண்ட் ருசி. குழம்பு பெயிண்ட், டீ பெயிண்ட், வெறும் எச்சிலும் பெயிண்ட். நான்காம் நாள் பெரிய அதிகாரி வந்தார். அறை முழுக்க மல்லிகைச் சரம் தொங்கவிட்டிருந்தார்கள். பாலிதீன் போட்ட நாற்காலிக்குப் பக்கத்தில், பளபளவென்று இளிக்கும் சுவருக்கு முன்னால் நின்று, கைக்குட்டையை ஒரு நொடி மட்டும் எடுத்து அவரும் சிரித்தார். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. 'புன்னகைக்கும் ஊசிக்கரடு. பல் சிகிச்சைப் பிரிவில் டாக்டர் நிலோஃபர் தினமும் அறுபது பேருக்குச் சிகிச்சை.'

பெயிண்டுக்கு அடியில் அடைபட்ட சீழ் வெளியே வர வழியில்லாமல் உள்ளே திரும்பியது. ஒரே வாரத்தில் ஊசிக்கரட்டில் முகம் வீங்காத வீடு இல்லை. ஒரு கண் மூடிப்போனவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து உறிஞ்சுகுழல் போட்டு டீ குடித்தார்கள். வாத்தியார் ஒரு பக்கக் கன்னத்தால் பாடம் நடத்தினார். மாதம்மாளுக்கு இடது தாடைக்குக் கீழே முதலில் எலுமிச்சை அளவு, பிறகு மாங்காய் அளவு, பிறகு அளவு சொல்ல முடியாமல் கழுத்து முழுக்கப் பரவி மரக்கட்டை மாதிரி இறுகியது. நாக்கு மேலே தள்ளியது. எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தது. சென்றாயன் கண்டங்கத்திரிப் புகை போடுகிறவரைக் கூட்டி வந்தான். அவள் வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை.

"காவேரிக்கும் இப்படித்தான இருந்துச்சு?" என்று சென்றாயன் கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். அவன் அவளை மொபெட்டில் கட்டிக்கொண்டுபோகத் துணி தேடினான்.

அந்தக் காலையில்தான் ஏழே முக்கால் பஸ்ஸில் டாக்டர் நிலோஃபர் வந்து இறங்கினாள். முப்பது வயது இருக்கும். தோளில் ஊசி, கத்தி, குறடு வைத்த ஒரு பை, கையில் அந்தப் பேப்பர். வாணியம்பாடிப் பக்கத்துப் பெண். இரண்டு வருஷமாக ஊசிக்கரட்டில் வேலை பார்ப்பதாகக் காகிதத்தில் இருந்தாள். ஆனால் டவுனில் ஒரு மேஜையில் உட்காரவைத்து அவளைப் படிவம் நிரப்பச் சொல்லியிருந்தார்கள். மேலே கேட்டபோதெல்லாம் அங்கே அறை இல்லை, நாற்காலி இல்லை, நோயாளி இல்லை என்றார்கள். பேப்பரில் அறை இருந்தது, நாற்காலி இருந்தது, அவள் பெயரும் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள்.

தாமோதரன் நடந்ததை எல்லாம் சொல்லிக்கொண்டே ஐந்தாம் நம்பர் அறையைத் திறந்துவிட்டார். நிலோஃபர் ஒரு அடி உள்ளே வைத்தாள், திரும்பி வந்து வாசற்படியில் வாந்தி எடுத்தாள், குழாயில் முகம் கழுவினாள், மறுபடி போனாள், மறுபடி வந்து எடுத்தாள். மூன்றாம் தடவை முகமூடிக்கு மேல் முகமூடி கட்டிக்கொண்டு உள்ளே போய், நேராக நாற்காலியிடம் நடந்து, பாலிதீன் உறையைக் கத்தரிக்கோலால் கிழித்தாள். ஒன்பது வருஷத்துத் தூசு எழும்பியது.

கூடிவிட்ட ஜனங்களுக்கு முன்னால் வேடியப்பன், ஒரு கன்னம் வீங்கி, சுவரைக் காட்டினார். "டாக்டரம்மா, இத்த எப்படியாச்சும் சரி பண்ணிக் குடுங்க. இல்லேன்னா பொக்லைன் வெச்சி இடிச்சிடறோம்."

"இடிச்சா உங்க தாடை என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?" என்றாள் நிலோஃபர். "செவுத்த அப்புறம் பாக்கலாம். வாயத் தெறக்கச் சொல்லுங்க."

"யாரு வாய?"

"ஒவ்வொருத்தர் வாயும்."

ஜனங்கள் உதடுகளை இறுக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்போது சென்றாயன் மொபெட்டில் மாதம்மாளைத் துணியால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். நிலோஃபர் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டதும் முகம் மாறியது. "நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுங்க. வர எவ்ளோ நேரமாகும்?"

"ஒன்றரை மணி நேரமாகும்" என்றார் தாமோதரன்.

"அவ்வளவு நேரம் இவங்களுக்கு மூச்சு தாங்காது."

நாற்காலியில் சாய்த்ததும் மாதம்மாள் முந்தானையை வாயோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மருத்துவர் விரலைப் பிரிக்கப் பிரிக்க இறுக்கினாள். பேச்சு வரவில்லை, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சொல் மட்டும் வந்தது.

"நாறும்மா."

"நாறட்டும்" என்றாள் நிலோஃபர். "நான் வாசல்ல எடுத்தத ஊரே பாத்துச்சு. இனிமே எடுக்கறதுக்கு எனக்குள்ள ஒண்ணும் இல்ல. கைய எடுங்கக்கா."

மாதம்மாள் கையை எடுத்தாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவள் வாயை இன்னொருவர் பார்த்தார். நிலோஃபர் ஊசி போட்டாள். தாடைக்குக் கீழே கத்தியால் கீறினாள். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு கிண்ணம் நிரம்ப வந்தது, இரண்டாவது கிண்ணமும் நிரம்ப வந்தது. ஜன்னலில் நின்றவர்கள் குமட்டிக்கொண்டு ஓடினார்கள். சென்றாயன் ஓடவில்லை, கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது அவன்தான். இறுக்கம் தளர்ந்து வாய் இரண்டு விரல் அளவுக்குத் திறந்ததும், மருத்துவர் குறட்டை உள்ளே விட்டு, கிணறு வெட்டிய அந்தப் பல்லைப் பிடித்து, ஆட்டி, திருகி, எடுத்தாள். எடுத்த அந்த நொடியில் வடக்குச் சுவரில் கீழ் வரிசைக் கடைக்கோடியில் பெயிண்ட் வெடித்து, சாக்குத் துண்டோடு ஒரு பல் தரையில் விழுந்து உருண்டது. அது இருந்த இடத்தில் ஈறு மூடி, புளியங்கொட்டை அளவுக்குச் சுத்தமான சுண்ணாம்புச் சுவர் தெரிந்தது.

நூற்றியெட்டு வண்டி வந்தபோது மாதம்மாள் மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். மாவட்ட ஆசுபத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். பத்தாம் நாள் காலை எழுந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கி, ஒரு வாய் விழுங்கிவிட்டு நிறுத்தினாள். பதினோரு வருஷமாக எதைத் தின்றாலும் எதைக் குடித்தாலும் அதன் மேல் சீழ் ருசி ஒன்று இருந்தது. அது இருந்ததே அது போன பிறகுதான் தெரிந்தது. தண்ணீருக்குத் தண்ணீர் ருசி. டம்ளரை வைத்துவிட்டு அழுதாள். பக்கத்துக் கட்டில்காரி, வலியா என்று கேட்டாள். "இல்லக்கா, நல்லா இருக்குது" என்று முந்தானையால் வாயை மூடாமல் சொன்னாள்.

அவள் திரும்பி வந்தபோது ஐந்தாம் நம்பர் வாசலில் வரிசை நின்றது. வரிசை என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத வரிசை. ஒவ்வொருவரும் உள்ளே போகும்போது கதவைச் சாத்தச் சொன்னார்கள். நிலோஃபர் ஒரு நாளைக்குப் பதினைந்து பேருக்கு மேல் பார்க்கவில்லை. மாதம்மாள் அவளுக்கு விளக்குப் பிடித்தாள், கிண்ணம் ஏந்தினாள், "ஆ காட்டு, இன்னும் பெருசா" என்று அதட்டினாள். ஒரு வாய் சுத்தமானால் சுவரில் அந்த வாயின் பற்கள் உதிர்ந்தன அல்லது வெளுத்து மறைந்தன. தையில் மேல் வரிசைகளில் ஒன்று போனது, மாசியில் நாற்றம் பஸ் நிறுத்தம் வரைக்கும் எட்டவில்லை, பள்ளிக்கூடத்து ஜன்னல் பலகைகளைப் பெயர்த்தார்கள். தேங்காய் மண்டிக்காரர் ஆறு வருஷத்துக்குப் பிறகு முறுக்கு கடித்தார். கடிக்கிற சத்தம் கேட்டு அவர் பெண்சாதி அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தாள். தையல் கடைப் பெண்கள் கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் சிரித்தார்கள். சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டவர்களைப் பார்த்தும் சிரித்தார்கள்.

சென்றாயன் மட்டும் வரவில்லை. "ஊசின்னா பயமில்ல. அந்தம்மா மூஞ்சிகிட்ட போயி இத்தத் தெறக்கணுமா?" என்பான். சுவரின் அடி மூலையில் அவனுடைய ஏழு பற்கள், பெயிண்ட் உரிந்து, புகையிலைக் கறுப்போடு, பாசி பிடித்த மாதிரி நின்றன. மாதம்மாள் அவற்றைத் தினமும் கழுவினாள். தினமும் குமட்டியது.

பங்குனியில் ஒரு ஜீப்பும் காலி லாரியும் வந்தன. இறங்கிய அதிகாரி கையில் உத்தரவு வைத்திருந்தார். அதில் எழுதியிருந்தது இதுதான்: ஊசிக்கரட்டில் தினமும் அறுபது பேர் வீதம் இரண்டு வருஷமாகப் பல் பார்த்தாகிவிட்டது, ஊர் ஜனத்தொகைப்படி ஒவ்வொருவருக்கும் எட்டுத் தடவை பார்த்தாகிவிட்டது, இனிப் பல் நோயாளி ஒருவரும் அங்கே இருக்க வாய்ப்பில்லை, ஆகையால் நாற்காலியையும் டாக்டரையும் உடனே டவுனுக்கு அனுப்ப வேண்டும்.

"அந்த ரெண்டு வருஷமும் நான் உங்க ஆபீஸ்ல ஃபாரம் நெரப்பிட்டு இருந்தேன் சார்" என்றாள் நிலோஃபர்.

"ரெக்கார்டுல அப்படி இல்லீங்களே" என்றார் அவர். அவர் குரலில் கோபம்கூட இல்லை. "தூக்குங்கப்பா" என்று லாரி ஆட்களைப் பார்த்தார்.

லாரி ஆட்கள் உள்ளே போனபோது நாற்காலியில் மாதம்மாள் உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு என்றார்கள், எழுந்திருக்கவில்லை. அதிகாரியே உள்ளே வந்தார்.

"ஏம்மா, நீ யாரு?"

"இந்த ரூமு சாவிக்காரிங்க. ஒம்பது வருஷமா."

"எழுந்திரிம்மா. இந்த ஊர்ல பல்லு நோய் யாருக்கும் கெடையாது."

"எழுதினவரு வந்து பாத்தாருங்களா?" என்று கேட்டாள். "நீங்களாச்சும் பாருங்க. என் தங்கச்சி செத்தப்பக் காய்ச்சல்னு எழுதினீங்க. நல்லா கிட்ட வந்து பாருங்க."

வாயைத் திறந்தாள். எடுத்த பல்லின் வெற்றிடமும், அடைத்த பற்களும், இன்னும் பார்க்க வேண்டிய மூன்று பற்களும் தெரியத் திறந்தாள். அதிகாரி பின்னால் நகர்ந்தார். நகர்ந்தவர் வாசலில் யார் மேலேயோ இடித்துத் திரும்ப, அங்கே தேங்காய் மண்டிக்காரர் வாயைத் திறந்துகொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் தையல் கடைப் பெண்கள், வாத்தியார், குப்பை வண்டிக்காரன், வேடியப்பன், இன்னும் வரிசையில் நின்றவர்கள், வரிசைக்கே வராதவர்கள். யாரும் கத்தவில்லை, யாரும் கையை ஓங்கவில்லை. எல்லோரும் "ஆ" என்று வாயைத் திறந்து, அவர் முகத்துக்கு நேராகக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பாதி சரியான வாய்களும் சரியாகாத வாய்களும். அந்த மூச்சு மொத்தமும் அவர் மேல் பட்டது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார், கண்ணாடியை ஏற்றினார். ஜனங்கள் ஜீப்பைச் சுற்றி வந்து கண்ணாடியில் வாயை வைத்து "ஆஆ" என்றார்கள். கண்ணாடி நாலு பக்கமும் ஆவி படிந்து வெளுத்தது. டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் வாயை வைத்து நின்றவன் சென்றாயன். ஏழு கறுப்புப் பல்லும் தெரிய, கண்ணை மூடிக்கொண்டு, நரம்பு புடைக்கத் திறந்திருந்தான்.

"சரி, சரி, வேற மாதிரி எழுதறேன்!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. ஜீப் போனது. லாரி காலியாகவே அதன் பின்னால் போனது. வேறு மாதிரி எழுதுவார் என்று ஊரில் யாரும் நம்பவில்லை. மறுபடி வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலை எட்டரை மணிக்குச் சென்றாயன் குளித்து, சட்டை மாற்றி, ஐந்தாம் நம்பர் அறைக்கு வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் நாற்காலியில் ஏறிப் படுத்தான். நிலோஃபர் கையுறை மாட்டினாள். மாதம்மாள் விளக்கைத் திருப்பி அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"ஆ காட்டுய்யா" என்றாள்.

அவன் காட்டினான். இருபத்திரண்டு வருஷத்துப் புகையிலை நாற்றம் எழுந்து அவள் முகத்தில் அடித்தது. அவளுக்குக் குமட்டியது, கண்ணில் தண்ணீர் வந்தது, முகத்தைச் சுளித்தாள். இன்னும் கொஞ்சம் குனிந்து, உள்ளே நன்றாகத் தெரியும்படி விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோனாள்.